தங்கவேலுவின் பேத்தி

பட்டாணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்ததில் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். பூ விடுகிற நேரம், ஒரு வேளை தவறினாலும் காய் சூம்பிவிடும். டீ எனக்கு வேண்டாம், வீட்டிலேயே ஆயிற்று. கான்ஸ்டபிள் மமதாவுக்குக் கொடுங்கள். பாவம், அந்தப் பெண் காலையிலிருந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

பெயர் கொர்னேலியஸ். வயது அறுபத்தெட்டு. ராபர்ட்சன்பேட்டையில் சொந்த வீடு. முப்பத்து மூன்று வருடம் உயிரியல் வாத்தியார், இப்போது எங்கள் திருச்சபையின் செயலாளர். இதெல்லாம் உங்களுக்கே தெரியும் மஞ்சுநாத், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்தானே நீங்கள். பாரம்பரியமும் சூழலும் என்ற பாடத்தில் இருபத்தைந்துக்கு ஆறு வாங்கினீர்கள். ஆறு வாங்கியவர் எப்படி சப்-இன்ஸ்பெக்டர் ஆகிறார் என்பதற்கு அந்தப் பாடத்தில் விளக்கம் இல்லை. யூனிஃபார்முக்கு மரியாதை கொடுத்து நீங்கள் என்றே சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஷைலா பதினொரு நாளாக ரிமாண்டில் இருக்கிறாள். வருங்கால மாமியார் ஈவ்லினுடைய சங்கிலியைத் திருடினாள் என்று வழக்கு. சங்கிலி அவள் பையில் இருந்தது. 'நான்தான் எடுத்தேன்' என்று அவளே சொன்னாள், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் நீங்கள் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவீர்கள். படிக்கிற காலத்திலும் பாடத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்தான். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

என் அப்பா கம்பெனி காலத்தில் தங்கச் சுரங்கத்தின் காவல் பிரிவில், வாட்ச் அண்ட் வார்டில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்துக்குள்ளிருந்து கேஜ் லிஃப்டில் மேலே வருகிற ஆட்களைத் தடவிச் சோதனை போடுவது அவர் வேலை. தலைமுடிக்குள் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார், தூக்குச்சட்டியைத் தட்டிப் பார்ப்பார். பிடிபட்டவர்களின் பெயரைக் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதிவைப்பார். கம்பெனி கேட்டதல்ல அது, அவராகவே எழுதியது. தகப்பன் பெயர், அதற்குக் கீழே மகன், அதற்குக் கீழே மருமகன். பாரம்பரிய விதி கண்டுபிடித்த மெண்டல் தன் பட்டாணியைக்கூட இவ்வளவு அக்கறையாக எழுதியிருப்பாரா தெரியாது. அப்பா இறந்தபோது அண்ணன் தம்பிகள் வீட்டுக்கும் நிலத்துக்கும் சண்டை போட்டார்கள். நான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். வீடும் பிறகு எனக்கே வந்தது, அது வேறு கதை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. "வாட்ச்மேன் சம்பளத்துல மாடி வீடா மேஷ்ட்ரே?" பழைய வாத்தியாரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான். பிடிபட்டவர்களில் சிலர், கையில் இருந்ததில் பாதியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் பெயரை அவர் நோட்டில் ஏற்றமாட்டார். தங்கவேலு என்று ஒருவன், தூக்குச்சட்டியின் அடித்தட்டில் தங்கம் மின்னுகிற கல் ஒன்றை வைத்திருந்தான். பாதி தரமாட்டேன் என்றான். நோட்டில் ஏறினான், வேலையும் போனது. அப்பா செய்ததைத் திருட்டு என்று நீங்கள் எழுதினால் அது அவசரம். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஏற்பாடு, கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளம், வீட்டில் ஆறு பிள்ளைகள். சூழ்நிலை ஒரு நல்ல மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். தங்கவேலுவுக்குச் சம்பளம் அதைவிடக் குறைவு, பிள்ளைகள் ஏழு. ஆனால் அவன் மகன் மனோகரும் பின்னால் ஒருமுறை சாக்ஸுக்குள் கல்லோடு பிடிபட்டான். இரண்டு தலைமுறை வரிசையாக வந்துவிட்டால் அதைச் சூழ்நிலை என்று சொல்லக்கூடாது, ரத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மனோகர் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போனான். அவன் மனைவி தாயம்மாவுக்கு அப்போது இருபது வயது, கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. மைனை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பெங்களூரில் ஒரு வீட்டோடு தங்கிச் செய்கிற வேலை கிடைத்தது, குழந்தையைக் கூட்டி வரக்கூடாது என்றார்களாம். என் மனைவி நேசமணிக்கு அவளை ஏற்கெனவே தெரியும். "ஆறு மாசம் பாத்துக்கோங்கம்மா. ஒரு ரூம் புடிச்சிட்டு வந்து இட்டுனு போயிடறேன்" என்று அழுதுகொண்டே கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நேசமணிக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மனிதனை ஆக்குவது பாரம்பரியமா, சூழலா என்று வருடா வருடம் ஐந்து மார்க் கேள்வி கேட்பேன். இரண்டும்தான் என்று எழுதிவைத்துவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள். மூன்று மார்க் போட்டுப் போட்டு அலுத்துப்போன காலம். அந்த நேரத்தில் தங்கவேலுவின் பேத்தி, சோதனை போட்டவர் வீட்டுத் தொட்டிலிலேயே வந்து படுத்தால் எந்த வாத்தியார் விடுவான், நீங்களே சொல்லுங்கள்.

ஆறாவது மாதம் சொன்ன வாக்குப்படி தாயம்மா வந்துவிட்டாள். கையில் ஒரு கிலுகிலுப்பை, புதுக் கவுன் ஒன்று. கொடுத்திருக்கலாம். ஆனால் அப்போதுதான் குழந்தை பொருளை இரண்டு விரலால் பொறுக்கி எடுக்க ஆரம்பித்திருந்தது. கவனிக்க வேண்டிய கட்டமே அதுதான். காய்ச்சல் கண்டு குழந்தை போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மதில் ஓரமாகப் பெயர் இல்லாத ஒரு சின்ன மேட்டைக் காட்டினேன். அது யாரோ வேறொருவருடைய குழந்தை. தாயம்மா அதன்மேல் விழுந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்று பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்று வாசித்தேன். அவள் இந்துப் பெண், இருந்தாலும் ஆறுதலாக இருக்கட்டும் என்று. இன்றைக்கும் மாதம் ஒருமுறை வந்து அங்கே சாமந்திப்பூ வைத்துவிட்டுப் போகிறாள்.

மமதா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? வேகமாகச் சொல்லிவிட்டேனா? சாமந்திப்பூ என்று அடியுங்கள்.

அப்போது குழந்தை நேசமணியின் அம்மா வீட்டில் குடியாத்தத்தில் இருந்தது. நானும் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். ஒரு வருடம் கழித்து மூன்று பேராகத் திரும்பினோம். வேலூர்ப் பக்கம் ஒரு அநாதை விடுதியிலிருந்து தத்து எடுத்தோம் என்று ஊருக்குச் சொன்னோம். குழந்தைக்கு விவரம் தெரிந்ததும், பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள் என்று அவளுக்கும் சொன்னோம். நேசமணி சில நாள் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டது, சாப்பிட ஆரம்பித்தாள். நான்கு வருடத்துக்கு முன் அவளும் போய்விட்டாள்.

என்னிடம் பாசம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஷைலாவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் விடைத்தாள் திருத்துவேன். நல்ல பள்ளிக்கூடம், ஞாயிறு வகுப்பு, வருடத்துக்கு மூன்று புது உடுப்பு. சூழல் சுத்தமாக இருந்தால்தானே ரத்தம் என்ன செய்கிறது என்று தெரியும். நானும் ஒரு நோட்டுப் போட்டேன், அப்பாவுடையதைப் போலவே கறுப்பு அட்டை.

மூன்று வயதில் முதல் சோதனை. பன்னிரண்டு பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுத் திறந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் எடுக்கவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, அதனால் எடுக்கவில்லை என்று குறித்தேன். ஐந்து வயதில் அந்தக் குறையை நீக்கினேன். நேசமணி ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், காலையிலிருந்து மூன்று மணிவரை அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் அதே டப்பாவை வைத்தேன். இரண்டரை மணிக்கு மயக்கம் போட்டு விழுந்தாள். டப்பாவில் பன்னிரண்டும் இருந்தன. எழுந்து போக உடம்பில் தெம்பு இல்லை என்று குறித்தேன். ஒன்பது வயதில் அவள் வகுப்புக் கேள்வித்தாளை என் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதன்மேல் பேப்பரைப் போட்டு மூடிவைத்திருக்கிறாள். கள்ளத்தனம் இல்லாத பிள்ளைக்கு அதை மூட வேண்டும் என்று தோன்றியிருக்குமா? அதையும் குறித்தேன்.

பன்னிரண்டு வயதில் அவள் தோழி ராதிகாவின் கைக்கடிகாரத்தை எடுத்து அவள் பையில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை பிரேயரில், எல்லார் முன்னாலும் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது யாருது? என் பையில இருந்துச்சு" என்று கேட்டிருக்கிறாள். ராதிகாவின் அம்மா அன்றிலிருந்து அவளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாளாம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நோட்டில் 'கூட்டத்துக்குப் பயந்து' என்று எழுதினேன்.

இப்படி இருபத்து மூன்று வருடம். நாற்பத்தொரு சோதனை. ஒன்றிலும் எடுக்கவில்லை. என் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் சோர்ந்துபோயிருப்பார். ஒரு நாள் எடுப்பாள் என்ற நம்பிக்கையை நான் கைவிடவே இல்லை. எந்தத் தகப்பனும் பிள்ளைமீது வைக்கக்கூடிய நம்பிக்கைதானே.

நடுவில் ஒரு தப்பும் நடந்தது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் வம்சம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். சர்க்கரை நோய்ச் சோதனை என்று சொல்லி அவள் எச்சிலை வாங்கி அனுப்பினேன். முப்பது பக்கம் ரிப்போர்ட் வந்தது. பால் செரிக்கும், பாகற்காய் பிடிக்காது, காது அழுக்கு ஈரமாக இருக்கும். திருட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. விஞ்ஞானம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நம் ஊரில் பாதிப் பேரைப் போல விடிகாலை ரயில், ராத்திரி வீடு. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவாள், லேடீஸ் பெட்டி. முதல் நாள் வண்டி ஏற்றிவிடப் போனபோதுதான் பார்த்தேன், அதே பெட்டியில் தாயம்மா. நம் ஊருக்கே, பாலகாட்டில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு எடுத்து வந்துவிட்டாளாம், ஏதோ ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, வண்டி கிளம்பும்வரை பார்த்தேன். பயத்தில் அல்ல, மஞ்சுநாத். இப்படி ஒரு சோதனையை நானாக ஏற்பாடு செய்ய நினைத்தாலும் முடியாது.

சினிமாவில் காட்டுவார்களே, பார்த்த உடனே ரத்தபாசம் பொங்கும் என்று. ஐந்து வருடம், ஒரே பெட்டி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒன்றும் பொங்கவில்லை. ஷைலா சாப்பாட்டு மேஜையில் சொல்லுவாள், "ட்ரெயின்ல ஒரு அம்மா கீறாங்கப்பா. துண்டு போட்டு எனக்கு சீட் புடிச்சி வெச்சிடறாங்க. அவங்க பொண்ணு இருந்திருந்தா என் வயசுதானாம்." தினமும் தன் டப்பாவில் பாதியை அந்தம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்றும் தெரிந்தது. சீட் பிடிப்பது பழக்கம், சோறு கொடுப்பது இரக்கம். இரண்டுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தேதி போட்டு எழுதிவைத்தேன். வேண்டுமானால் நோட்டைப் பாருங்கள், நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.

அதே ரயிலில்தான் டென்சிலும் போவான். எங்கள் சபைப் பையன், நல்ல பையன். கல்யாணம் பேசினார்கள். பேசும்போது எனக்கு ஆட்சேபணை சொல்லக் காரணம் இல்லை. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியுமோ என்னவோ, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. முதல் ஓலை வாசித்த அன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் என்ற முறையில் அந்த ஓலையை எழுதியதே நான்தான். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் அவள் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கதவுக்குப் பின்னால் நான் நிற்க முடியாது. இருபத்தாறு வருடமும் விடை இல்லாமலே முடிந்துவிடும் என்று நினைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைப் பிரியும் தகப்பன் என்று எல்லாரும் தோளைத் தட்டினார்கள்.

அன்று மதியம் டென்சிலும் அவன் அம்மா ஈவ்லினும் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஈவ்லின் கழுத்தில் அவள் மாமியார் கொடுத்த கனமான சங்கிலி. "வேர்க்குரு புடுங்குது அண்ணே" என்று அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஷைலாவோடு சமையலறைக்குப் போய்விட்டாள். கைப்பை என் கட்டில்மேல் கிடந்தது.

திருத்தம் என்று சொன்னேனே, அது இதுதான். நான் அந்தச் சங்கிலியை எடுத்தேன். ஷைலாவின் ஆபீஸ் பையில், டப்பா வைக்கிற அறைக்குள் போட்டேன். காலையில் ரயிலில் டப்பாவைத் திறக்கும்போது அவள் கையில் படும். நேர்மையானவளாக இருந்தால் உடனே எனக்கோ ஈவ்லினுக்கோ போன் செய்வாள். செய்யாவிட்டால் விடை கிடைத்துவிடும். எளிமையான, சுத்தமான சோதனை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

திங்கட்கிழமை காலையில் ஈவ்லின் போன் செய்தாள். "அண்ணே, சங்கிலிய உங்க ஊட்லயே உட்டுட்டனா, கொஞ்சம் பாருங்க." பார்க்கிறேன் என்றேன். ஒன்பது மணி ஆயிற்று, ஷைலாவிடமிருந்து போன் இல்லை. பன்னிரண்டு, இரண்டு, நான்கு. போன் இல்லை. நோட்டில் தேதி போட்டுச் சிவப்பு மையில் எழுதினேன்: எடுத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஈவ்லினைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். "போலீஸெல்லாம் இன்னாத்துக்கு அண்ணே, ஊட்டுக்குள்ளதான் எங்கனா கெடக்கும்" என்று அவள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கன்னடம் எழுத வராது, புகாரை நான்தான் எழுதினேன். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் ஷைலா என்று போட்டதும் நான்தான். நீங்கள்கூடக் கேட்டீர்கள், "சொந்த மகளையா மேஷ்ட்ரே?" சட்டத்தின் முன் மகள் என்ன, மகன் என்ன என்றேன். எழுந்து நின்று கைகொடுத்தீர்கள். அந்த வாரம் சபையில் எனக்காக விசேஷ ஜெபம் செய்தார்கள், வாட்ஸ்அப்பில் என் போட்டோவைப் போட்டு நேர்மைக்கு இலக்கணம் என்று எழுதினார்கள். நானும் நன்றி என்று பதில் போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி கோரமண்டல் பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. ஷைலா இறங்கினாள். மமதா பையை வாங்கித் திறந்தார், சங்கிலி டப்பாவுக்கு அடியில் இருந்தது. டென்சில் அடுத்த பெட்டியிலிருந்து ஓடி வந்தான். "ஷைலா, இல்லன்னு சொல்லு. நீ இல்லன்னு சொல்லு, போதும்" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான்தான் எடுத்தேன்" என்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இன்னா சார் இது, அந்தப் பொண்ணு எடுக்காது சார். அஞ்சு வருஷமா பாக்கறேன், என் பர்ஸ அதுங்கிட்ட குடுத்துட்டு தூங்குவேன் சார்." நீங்கள் அவளை ஓரமாகப் போகச் சொன்னீர்கள். அவள்தான் தாயம்மா. நீங்கள் செய்தது சரிதான். ரத்த உறவின் சாட்சி என்று பார்த்தால் அதற்கு மதிப்புக் குறைவுதான்.

மமதா, நீங்கள் அழ வேண்டாம். "அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாதா சார்?" என்று கேட்கிறீர்கள். தெரியாது. ஷைலாவுக்கும் தெரியாது. கேட்டால்தானே சொல்வதற்கு.

முந்தாநாள் ஷைலாவைப் பார்க்கப் போனேன். விடை கையில் கிடைத்த பிறகு மனசு லேசாக இருந்தது, ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்லலாம் என்றுதான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், இளைத்துப்போயிருந்தாள். "சாப்ட்டீங்களாப்பா? பி.பி. மாத்திரை ரெண்டாவது டிராயர்ல கீது, தேடாதீங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க என் பையில வெச்சத நான் பாத்தேம்பா" என்றாள்.

நான் பையில் போட்டது சமையலறை அலமாரிக் கண்ணாடியில் தெரிந்ததாம். எடுத்து ஈவ்லினிடம் கொடுத்தால் யார் எடுத்தது என்று சொல்ல வேண்டி வரும். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய், சோபா அடியில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாளாம். அதற்குள் நான் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு எடுத்தேன்னு ஒத்துக்கினே?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்றதுப்பா? அப்பாதான் எடுத்தாருன்னா? உங்களுக்கு வயசாவுது, புத்தி தடுமாறுதோன்னு பயந்துட்டேன். உங்கள இங்க உட்டா ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க. நான் தாங்குவேன்."

"சின்ன வயசுல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா. பிஸ்கட் டப்பா, கொஸ்டின் பேப்பர், ராதிகா வாட்ச், எல்லாமே தெரியும். கதவு இடுக்குல உங்க செருப்பு தெரியும். வாத்தியாரு, அப்படித்தான் இருப்பாருன்னு உட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பாருங்கள் மஞ்சுநாத், எவ்வளவு பெரிய இடி. சோதனைக்கு உட்பட்டவருக்கே சோதனை நடப்பது தெரிந்திருந்தால் அந்த முடிவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து எடுக்காமல் இருந்தாளா, எடுக்கிற எண்ணமே இல்லாமல் இருந்தாளா, இனிமேல் எப்படிச் சொல்வது? இருபத்தாறு வருட உழைப்பு, நூற்றெண்பது பக்கம், ஒரு செருப்பால் போயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே குழந்தையைத் தாயம்மாவிடம் கொடுத்திருப்பேன். ஒரு ஏழைப் பெண்ணுக்கு உபகாரம் செய்த புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் வந்தேன். சோதனை கெட்டுப்போன பிறகு அவளை உள்ளே வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன், டென்சில் நிறுத்தவில்லை, அவன் சொந்தக்காரர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். வேலையும் போயிற்று, மெயில் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிறேன். சங்கிலியை எடுத்தது நான், பையில் வைத்தது நான், புகார் எழுதியது நான், தாயம்மாவிடம் செத்த குழந்தையைக் காட்டியதும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஏன் செய்தேன் என்ற இடத்தில், ஒரு வாத்தியாரின் சந்தர்ப்பச் சூழ்நிலை என்று எழுதுங்கள். கெட்ட எண்ணம் என்று எழுதாதீர்கள், எங்கள் குடும்பத்தில் அது கிடையாது.

படித்துக் காட்டினீர்கள், சரியாகத்தான் இருக்கிறது. சேர்க்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். ஒன்றே ஒன்று உண்டு, அது இரண்டு நாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. எடுக்காத பொருளை எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். சோபா அடியில் கிடந்தது என்று ஈவ்லினிடம் சொல்லவும் தயாராக இருந்திருக்கிறாள். ஒரு போலீஸ் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, கண் இமைக்காமல், இப்படிப் பொய் சொல்ல ஒரு பெண்ணுக்கு எப்படி வருகிறது? அவளை மூன்று மாதத்திலிருந்து வளர்த்தது நான். இதை அவள் என் வீட்டில் கற்றுக்கொண்டிருக்க வழியே இல்லை, மஞ்சுநாத். இது தாயம்மாவின் ரத்தம்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.